பழைய படங்களில் தெரியும் குட்டை டை

1940-களின் புகைப்படங்களில் ஆண்களின் டை வயிற்றுக்கு மேலேயே முடிந்துவிடுவதைக் காணும் பலர், அது அளவு தவறிக் கட்டப்பட்டது என்றே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், அன்றைய கால்சட்டையின் இடுப்புப் பகுதி தொப்புள் வரை ஏறி நின்றதால், டையின் நுனி அதைத் தொட்டாலே போதுமானதாக இருந்தது. கோட்டுக்கு உள்ளே போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட்டை அணிந்தால் அந்த நுனியும் மறைந்துவிடும்.

அகலத்தில்தான் அக்காலத்தவர் தாராளம் காட்டினார்கள். போர் முடிந்த பின் அமெரிக்காவில் நான்கு அங்குலத்தையும் தாண்டிய டைகளில் பனைமரங்களும் பறவைகளும் பெரிய வடிவங்களாக இடம்பெற்றன. 1960-களின் தொடக்கத்தில் வந்த ஒல்லி டையைவிட இவையே எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆனால் நான் அதிகம் வியப்பது தையலைத்தான். 1920-களில் நியூயார்க்கின் டை தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், துணியை நெசவுக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். சாய்வாக வெட்டிய துணி சற்றே இழுபட்டு மீள்வதால், முடிச்சை அவிழ்த்த பிறகும் டை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குகிறது. பழைய டை ஒன்றை வாங்குவோர், அதன் பின்பக்கத்தைத் திருப்பி, நடுத் தையலின் ஓரத்தில் தளர்வாக விடப்பட்டிருக்கும் நூலைப் பார்க்க வேண்டும். டை இழுபடும்போது தையல் அறுந்துவிடாமல் காப்பது அந்த நூல்தான்.