8051 அட்ரஸிங் மோடு: பெயரை விடுங்கள், ஆப்கோடைப் பாருங்கள்

8051 மைக்ரோகண்ட்ரோலர் பாடத்தின் முதல் இன்டர்னலுக்கு, கட்டளைக்கு வேண்டிய மதிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்ரஸிங் மோடுகளை, அதாவது இம்மீடியட், ரிஜிஸ்டர், டைரக்ட், இன்டைரக்ட், இன்டெக்ஸ்டு என்று ஐந்து பெயரையும், ஆளுக்கொரு உதாரணத்தையும் உருப்போட்டுக்கொண்டு போனேன். இரண்டு மார்க் கேள்வி ஒன்று வந்தது: "மூவ் ஆர்1, ஆர்2 செல்லுமா? காரணம் தருக." அதாவது ஆர்2 ரிஜிஸ்டரில் இருப்பதை ஆர்1-க்கு நகலெடுக்கும் கட்டளை. செல்லும் என்று எழுதினேன். தப்பு.

அதன் பிறகுதான் ஆப்கோடு (ஒவ்வொரு கட்டளைக்கும் சிப் புரிந்துகொள்ளும் எண்) டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மூவ் ஏ, #30எச்" என்றால் 74 30 (ஏ என்பது அக்குமுலேட்டர் ரிஜிஸ்டர், எச் என்றால் ஹெக்ஸ் எண்). "மூவ் ஏ, 30எச்" என்றால் ஈ5 30. இரண்டிலும் அதே 30 தான். முதலாவதில் அதுவே மதிப்பு, இரண்டாவதில் அது ராமில் ஒரு அறையின் எண். "மூவ் ஏ, ஆர்0" ஒரே பைட், ஈ8. பைனரியில் 1110 1000. கடைசி மூன்று பிட்தான் ரிஜிஸ்டர் எண், அதனால் ஆர்0 முதல் ஆர்7 வரை எட்டு. "மூவ் ஏ, @ஆர்0" (ஆர்0-வில் உள்ள எண்ணையே அறை எண்ணாக எடுப்பது) ஈ6, "@ஆர்1" ஈ7. இங்கே ஒரே ஒரு பிட்தான் மிச்சம். @ஆர்2 ஏன் கிடையாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூவ் ஆர்1, ஆர்2-க்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டு ரிஜிஸ்டருக்கும் மும்மூன்று பிட் ஒதுக்கினால், மொத்தமுள்ள 256 ஆப்கோடில் 64 இந்த ஒரு வேலைக்கே போய்விடும். அப்படி ஒரு ஆப்கோடே 8051-ல் இல்லை. "மூவ் ஆர்1, 02எச்" என்று டைரக்டாக எழுதலாம். ஆனால் ஆர்0 முதல் ஆர்7 வரையிலான தொகுப்புகள் (பேங்க்) நான்கு உண்டு; பேங்க் 0-வில் இருந்தால் மட்டும்தான் 02எச் என்பது ஆர்2. பேங்க் 1-க்கு மாறினால் ஆர்2 இருக்குமிடம் 0ஏஎச். ஆர்2 தனிப் பெட்டி அல்ல, ராமிலேயே ஒரு அறை. எந்த அறை என்பதை பிஎஸ்டபிள்யூ (புரோகிராம் ஸ்டேட்டஸ் வேர்டு) ரிஜிஸ்டரில் உள்ள ஆர்எஸ்1, ஆர்எஸ்0 பிட்கள் முடிவு செய்கின்றன. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லேபில் இதை அனுபவித்தே கற்றேன். பேங்க் 1-ல் ஆர்0-வை கவுண்டராக வைத்திருந்தேன். சப்ரொட்டீனைக் கால் செய்ததும் மதிப்பு மாறிவிட்டது. ஒரு மணி நேரம் தேடினேன். ரீசெட்டில் ஸ்டாக் பாயிண்டர் (எஸ்பி, ஸ்டாக்கின் உச்சி எந்த அறை என்று காட்டுவது) 07எச். கால் செய்தால் ரிட்டர்ன் அட்ரஸ் போய் உட்காருவது 08எச், 09எச். அவைதான் பேங்க் 1-ன் ஆர்0, ஆர்1! புரோகிராமின் முதல் வரியாக "மூவ் எஸ்பி, #30எச்" போட்டதும் சரியாகிவிட்டது.

8051-ன் விரிவான வடிவமான 8052 பற்றிக் கேட்டால் இதை மறக்காதீர்கள்: 80எச் முதல் ஒரே எண்ணுக்கு இரண்டு இடங்கள் உண்டு, ஒன்று போர்ட் போன்றவற்றின் சிறப்பு ரிஜிஸ்டர்கள், மற்றது மேல் ராம். "மூவ் ஏ, 90எச்" போர்ட் 1-ஐப் படிக்கும். ஆர்0-வில் 90எச் வைத்து "மூவ் ஏ, @ஆர்0" போட்டால் மேல் ராமைப் படிக்கும்.

செமஸ்டருக்கு முந்தைய வாரம் நான் தினமும் செய்தது: பத்து வரி புரோகிராமைக் கையாலேயே ஹெக்ஸாக மாற்றுவது, பக்கத்தில் 00எச்-லிருந்து ராம் கட்டங்களை வரைந்து ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கட்டம் மாறுகிறது என்று பென்சிலால் எழுதுவது. ஒரு புரோகிராமுக்கு இருபது நிமிடம் ஆகும்.