கிங்கைப் பீடத்திலிருந்து இறக்குவது

அமெரிக்காவில் ஜனவரி மாத மூன்றாம் திங்கள்கிழமை, கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. பள்ளிகளில் அதற்கு முந்தைய வாரம் அவரைப் பற்றிய பாடம் நடக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு வருவதற்குள் பிள்ளைகள் அவரைப் பலமுறை பார்த்துவிடுகிறார்கள். அதே மேடை, அதே கறுப்பு வெள்ளைப் படம், அதே ‘எனக்கொரு கனவு’. மறுபடியும் அந்த ஒலிப்பதிவைப் போட்டால் கைபேசிகள் மேசைக்கடியில் விழித்துக்கொள்ளும். 1963-ல் லிங்கன் நினைவிடத்தில் நின்றவருக்கு வயது 34. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவரிடம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

எனவே ஆசிரியர்கள் பாடத்தை 1944-லிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்துச் சிம்ஸ்பரியில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன பதினைந்து வயது கிங், அட்லாண்டாவிலிருந்த பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஒன்றைப் பெயரும் தேதியும் தெரியாமல் நகலெடுத்து, நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். எழுதியவருக்கு என்ன வயதிருக்கும்? எதைக் கண்டு வியக்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? பத்து நிமிடம் போதும். ஹார்ட்ஃபோர்டின் நல்லதொரு உணவகத்தில் தன் இனத்தவர் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்பதே அவனுக்கு ஆச்சரியம். எழுதியது யார் என்பதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் எல்லோரும் மகானுக்குரிய பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது பேருந்து. அதே ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜியாவின் டப்ளினில் நடந்த பேச்சுப் போட்டியில் கறுப்பினத்தவரும் அரசியல் சட்டமும் என்ற பொருளில் பேசிவிட்டு, ஆசிரியையோடு அட்லாண்டா திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் வெள்ளையர் ஏற, ஓட்டுநர் இருவரையும் எழுந்திருக்கச் சொன்னார். பையன் உடனே எழவில்லை. ஆசிரியை வற்புறுத்திய பிறகு எழுந்தான். பிறகு 90 மைல், ஏறக்குறைய 145 கிலோமீட்டர், நின்றபடியே பயணம். வாழ்நாளில் அவ்வளவு கோபம் வந்ததேயில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்.

இந்த இடத்தில் சிலர் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து நடித்துக் காட்டச் சொல்வதுண்டு. வேண்டாம். மூன்றாவது நிமிடத்தில் சிரிப்பு வந்துவிடும். வகுப்பில் கறுப்பினப் பிள்ளை இருந்தால் எல்லாக் கண்களும் அந்தப் பக்கம் திரும்பும். ஆசிரியை எழச் சொன்னது சரியா என்று கேட்டால் போதும். ‘கோழைத்தனம்’ என்றுதான் முதல் பதில் வரும். அப்போது ஒரு வரைபடத்தை விரித்து, வழியில் எங்கே இறக்கிவிடப்பட்டிருப்பார்கள், உதவிக்கு யாரைக் கூப்பிட்டிருக்க முடியும் என்று பார்க்கச் சொல்லுங்கள். குரல்கள் தாமாகத் தணியும். இதற்கு இருபது நிமிடம் தாராளமாக ஒதுக்கலாம். வகுப்பின் உயிர்ப்பகுதி இதுதான்.

குரோசர் இறையியல் கல்லூரியில் மேடைப்பேச்சுப் பாடத்தில் அவர் ‘சி’ வாங்கிய செய்தி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். நின்றால் தன்னம்பிக்கைப் பேச்சாகிவிடும்.

பயத்தைப் பற்றிப் பேச, அலபாமா மாநிலத்து மாண்ட்கமெரியில் இருந்த அவர் வீட்டுச் சமையலறை இருக்கிறது. பேருந்துகளில் இனப்பாகுபாட்டை எதிர்த்து அவர் தலைமையில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1956 ஜனவரி 27 நள்ளிரவில் தொலைபேசியில் கொலை மிரட்டல். தூக்கம் வராமல் காபி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தவர், கோழையாகத் தெரியாமல் இதிலிருந்து விலகுவது எப்படி என்றுதான் யோசித்தார். அவரே பிறகு எழுதியது இது. பிரார்த்தனைக்குப் பிறகே தெம்பு வந்தது. ஜனவரி 30-ல் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இருவருக்கும் காயமில்லை. ஆயுதங்களோடு திரண்டவர்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியவர், அதன் பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அகிம்சையைப் பிறவிக் குணமாக நினைத்திருக்கும் பிள்ளைகள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். அகிம்சைப் போராளி பேயார்ட் ரஸ்டின் போன்றவர்களோடு விவாதித்து, படிப்படியாக அவர் துப்பாக்கியைக் கைவிட்டார். 1959-ல் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றி, கன்னியாகுமரி வரை போனதும் அந்தப் படிப்பின் தொடர்ச்சிதான். விண்ணப்பத்தை மறைத்தால் அந்தப் பயணத்துக்குப் பொருளே இல்லை.

1963-ல் போராட்டத்தில் கைதாகி பர்மிங்காம் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய கடிதம் நீளம். முழுதும் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் சோர்ந்துவிடுவார்கள். ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்பவர்களுக்கு அவர் பதில் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தை மட்டும் எடுங்கள். ஆங்கிலத்தில் 300 சொற்களைத் தாண்டும். வட்டமாக உட்காரவைத்து, அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் அடுத்தவர் தொடர்ந்து வாசிக்கட்டும். ஃபன்டவுன் கேளிக்கைப் பூங்காவுக்குக் கறுப்புக் குழந்தைகள் போக முடியாது என்று ஆறு வயது மகளுக்கு எப்படிச் சொல்வது எனத் தகப்பன் திணறும் வரியும் அதில் வருகிறது. அந்த வரி யார் கையில் விழுகிறதோ அவர் குரல் மாறும். ஒரு எச்சரிக்கை: வாக்கியத்தில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் இருக்கிறது. அதை உரக்க வாசிக்காமல் ஒரு நொடி நிறுத்திவிட்டுப் போவது என்று தொடங்குமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். பாதியில் ஒரு பிள்ளை தடுமாறி நின்றால் பிறகு வகுப்பு மீளாது.

பன்னிரண்டு வயதில் கிங் பாட்டியை இழந்த துயரத்தை நாம் விரிவாக எடுப்பதில்லை. அவன் அன்று தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்ததை வகுப்பில் விவரிப்பது ஆபத்து. பிள்ளைகளே படித்துவிட்டுக் கேட்டால் சுருக்கமாக ஒப்புக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். பள்ளி ஆலோசகருக்கும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் யாராவது ஒருவர் இணையத்தில் பார்த்ததைக் கேட்பார்: ‘அவர் ஆய்வேட்டில் காப்பி அடித்தாராமே? மனைவிக்கு உண்மையாக இல்லையாமே?’ சமாளித்தால் அதுவரை சொன்னது அத்தனையும் பொய்யாகிவிடும். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 1991-ல் ஆய்வேட்டின் சில பகுதிகள் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று உறுதிசெய்தது, பட்டத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. மணவாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுக்கும் அடிப்படை உண்டு. நெருங்கிய நண்பரே எழுதியிருக்கிறார். கூடவே, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவரது அறைகளில் ஒட்டுக்கேட்டு, 1964-ல் பெயரில்லாக் கடிதத்தோடு ஒலிநாடாவை அனுப்பி மிரட்டியதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விடக்கூடாது. 1966-ல் காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 விழுக்காட்டினர் அவரைப் பற்றி நல்ல எண்ணமில்லை என்றார்கள் என்ற தகவலை இதற்கென்றே கையில் வைத்திருப்பது உண்டு. ‘அப்படியானால் எப்போது எல்லோருக்கும் பிடித்துப்போனார்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.