கல் கணக்கிடுகிறதா?

ஜனவரி 6

கருங்கல் கணக்கிடுகிறது என்று யாரேனும் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். தத்துவவாதி ஹிலரி பட்னம் சொல்லும்போது அப்படி நகர முடிவதில்லை. 1988-இல் வெளியான நூலொன்றின் பின்னிணைப்பில், உள்ளீடு எதுவுமின்றி வரம்புக்குட்பட்ட நிலைகளில் இயங்கும் எந்தத் தானியங்கியையும் (விதிப்படி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் கணிப்புப் பொறியையும்), சூழலோடு தொடர்புள்ள எந்தச் சாதாரணப் பொருளும் நிறைவேற்றுகிறது என்று அவர் நிறுவ முனைகிறார். சூழலின் தாக்கத்தால் பொருளின் பௌதிக நிலை கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணங்களைத் துண்டுகளாக்கி, நமக்கு வேண்டிய தானியங்கியின் நிலைப்பெயர்களை வரிசையாக ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. 1990-இல் இன்னொரு தத்துவவாதியான ஜான் சர்ல் தம் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரும் வேர்ட்ஸ்டார் என்ற ஆவணம் எழுதும் நிரலை இயக்குவதாகக் கொள்ளலாம் என்று எழுதியதும் இதே வழியில்தான்.

நானும் செய்து பார்த்தேன். மேசையில் காகிதங்களின் மேல் வைத்திருக்கும் கல்லின் வெப்பநிலையை ஐந்து முறை அளந்தேன். ஐந்து அளவுகளும் வெவ்வேறாக இருந்தன. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது அளவுகளுக்கு ‘அ’ என்றும் மற்ற இரண்டுக்கு ‘ஆ’ என்றும் பெயரிட்டதும், இரு நிலைகளுக்கிடையே மாறி மாறி இயங்கும் தானியங்கி ஒன்று என் மேசையில் உருவாகிவிட்டது. ஏமாற்று வேலை என்று உள்மனம் சொல்கிறது. ஏமாற்று எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதைத்தான் என்னால் உடனே காட்ட முடியவில்லை.

ஜனவரி 9

இடம் புலப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். இரு பெரிய எண்களின் பெருக்கற்பலனைக் கல்லிடமிருந்து பெற வேண்டுமானால், எந்த வெப்பநிலை எந்த இலக்கத்தைக் குறிக்கும் என்ற அட்டவணை எனக்கு வேண்டும். அந்த அட்டவணையைச் சரியாக எழுத, பெருக்கற்பலன் எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். கால்குலேட்டரில் படிக்கும் முறை முதலில் நிலைபெறுகிறது, விடை பிறகு வருகிறது. என் கல்லிலோ விடை முதலில் வந்தது, படிக்கும் முறையை நான் அதற்கேற்ப வெட்டித் தைத்தேன்.

தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1996-இல் எழுதிய மறுப்பு இதைவிடக் கண்டிப்பானது. நடந்த நிகழ்வுகளின் வரிசை பொருந்தினால் போதாது, நடக்காமற்போன மாற்றுகளும் பொருந்த வேண்டும் என்கிறார்: 7-க்குப் பதிலாக 8 அழுத்தப்பட்டிருந்தால் இயந்திரம் அதற்குரிய விடையை நோக்கிச் சென்றிருக்குமா? என் கல்லிடம் அழுத்துவதற்கே ஒன்றுமில்லை. கடிகாரம் போன்ற ஓர் உறுப்பும் சுழற்றி வைக்கத்தக்க ஒரு முகப்பும் சேர்ந்தால் கல்கூட இந்தத் தேர்வை ஒருவகையில் கடந்துவிடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார் (எதிரணிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கும் இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது). அதனால்தான் நிலை என்பது பகுக்க முடியாத ஒற்றைப் பெயராக இல்லாமல், தனித்தனியே மாறக்கூடிய உறுப்புகளைக் கொண்டிருக்க வேண்டும் என்று மேலும் ஒரு நிபந்தனை விதிக்கிறார்.

ஜனவரி 10

இன்று ஒரு குறிப்பு மட்டும். 1949-இல் பொருளியலாளர் பில் பிலிப்ஸ் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நிறமேற்றிய நீரும் தொட்டிகளும் குழாய்களும் கொண்டு கணக்கிடும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். வாளியில் இருப்பதும் அதே நீர்தான். ஆனால் வாளியில் திருகிப் பார்க்க வால்வு இல்லை.

ஜனவரி 14

கல்லை ஒதுக்கிவிட்டதால் நிம்மதி அடைந்திருந்தேன். பிரெட்போர்டில் (மின்சுற்றுகளைச் செருகிச் சோதிக்கும் பலகையில்) 7408 ஐசியை, அதாவது ஒரு மின்சுற்றுச் சில்லைச், செருகியதும் அந்த நிம்மதி போய்விட்டது. இது ஆண்ட் கேட். உள்ளீடுகள் இரண்டும் உயர் மின்னழுத்தத்தில் இருந்தால் மட்டுமே வெளியீடும் உயரும் என்பதை மல்டிமீட்டரில் நான்கு முறையும் சரிபார்த்தேன். உயர் மின்னழுத்தத்தை 1 என்று வாசித்தால் இது ஆண்ட். தாழ் மின்னழுத்தத்தை 1 என்று வாசித்தாலோ, உள்ளீடுகளில் ஏதேனும் ஒன்று 1 ஆக இருக்கும்போது வெளியீடும் 1 ஆகிறது. அதாவது, ஒரு கம்பியைக்கூட நகர்த்தாமல் அதே ஐசி ஆர் கேட் ஆகிவிட்டது.

இதற்குச் சால்மர்ஸின் நிபந்தனைகள் உதவுவதில்லை. மாற்று உள்ளீடுகள் அனைத்தும் சோதிக்கப்பட்டுவிட்டன, உறுப்புகளும் தனித்தனியே இருக்கின்றன, அட்டவணையையும் நான் பின்னால் தைக்கவில்லை. இது கணக்கிடுகிறது என்பதில் ஐயமில்லை. எதைக் கணக்கிடுகிறது என்று கேட்டால்தான் இரண்டு விடைகள் வருகின்றன.

ஜனவரி 17

பெயர்கள் நம்முடையவை, வெப்பம் இயற்கையுடையது. ஆகவே வெப்பத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு பிட் தகவலை (0 அல்லது 1 என்ற ஒரு தேர்வை) அழிக்கும்போது, போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, 2-இன் இயல் மடக்கை ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குக் குறையாத வெப்பம் வெளியேற வேண்டும் என்று 1961-இல் இயற்பியலாளர் ரோல்ஃப் லாண்டவர் காட்டினார். 300 கெல்வினில் அது ஏறத்தாழ 2.9 × 10⁻²¹ ஜூல். லேசர் ஒளியால் பிடித்து வைத்த ஒரு நுண்மணியைக் கொண்டு 2012-இல் இந்த எல்லை ஆய்வகத்திலும் நெருங்கிச் சோதிக்கப்பட்டது. என் ஐசி இதைப் போலப் பல கோடி மடங்கு வீணாக்குகிறது. எனவே இங்கே நான் பேசுவது மிகக் குறைந்தபட்ச அளவைப் பற்றி மட்டுமே.

நான்கு உள்ளீட்டு வகைகளும் சம வாய்ப்புடையவை என்றால், ஆண்ட் கேட்டுக்குள் 2 பிட் நுழைகிறது, வெளியீடு நான்கில் ஒருமுறைதான் 1 ஆவதால் சுமார் 0.81 பிட் வெளிவருகிறது, உள்ளீடுகளை அங்கேயே மறந்துவிட்டால் 1.19 பிட் அழிகிறது. ஆர் கேட்டுக்கும் அதே 1.19 தான் வருகிறது, ஏனெனில் இரண்டும் ஒரே பொருள். ஆக, எவ்வளவு மறக்கப்பட்டது என்பது வெப்பத்துக்குத் தெரியும், எதன் பெயரால் மறக்கப்பட்டது என்பது தெரியாது. ஆனால் உள்ளீடுகள் வேறுபட்டால் மட்டும் 1 தரும் எக்ஸ்ஆர் கேட் சரியாக 1 பிட்டை அழிக்கிறது. எந்தக் கம்பியில் பெயரை எப்படி மாற்றினாலும் ஆண்ட் ஒருபோதும் எக்ஸ்ஆர் ஆகாது. பெயரிடும் சுதந்திரத்துக்கும் எங்கோ ஒரு வேலி இருக்கிறது.

ஜனவரி 21

அந்த வேலியைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பி, 7404 ஐசியிலுள்ள, உள்ளீட்டைத் தலைகீழாக்கும் நாட் கேட்களில் இரண்டை வளையமாக இணைத்தேன். ஒன்றின் வெளியீடு உயர்வாகவும் மற்றதன் வெளியீடு தாழ்வாகவும் அப்படியே நின்றுவிட்டன. நினைவகச் செல்லின் உள்ளே இருப்பதும் இதே பிடிதான். பிறகு மூன்றை இணைத்தேன். ஒவ்வொரு கேட்டிலும் ஏறத்தாழ 10 நானோநொடி தாமதம் என்று கொண்டால், இந்த வளையம் நொடிக்குச் சுமார் 1.7 கோடி முறை துடிக்க வேண்டும். அந்த வேகத்தைக் கண்ணால் பிரித்தறிய முடியாததால், இணைத்திருந்த எல்.இ.டி. விளக்கு எரியவும் இல்லை, அணையவும் இல்லை, மங்கலாக நின்றது.

இனிப் பெயர்மாற்றம். உள்ளீட்டுக் கம்பியில் உயர்வை 1 என்றும் வெளியீட்டுக் கம்பியில் தாழ்வை 1 என்றும் வாசித்தால், நாட் கேட் எதையும் மாற்றாத வெறும் கம்பியாகிவிடும். தனித்து நிற்கும் கேட்டிடம் இதைத் தடுக்க எதுவுமில்லை. ஆனால் வளையத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு கேட்டின் வெளியீடாகவும் அடுத்ததன் உள்ளீடாகவும் இருப்பதால், ஒரு கம்பியின் பெயரை மாற்றும்போது இரண்டு கேட்களின் வேலை சேர்ந்தே மாறுகிறது. மூன்று கம்பிகளுக்கும் சாத்தியமான எட்டுப் பெயரீடுகளையும் எழுதிப் பார்த்தேன்: இரண்டில் மூன்று நாட் கேட்கள் வருகின்றன, மீதி ஆறில் ஒரே ஒரு நாட் கேட் வருகிறது. ஒற்றைப்படை எண்ணிக்கை எந்த வரியிலும் இரட்டைப்படை ஆகவில்லை. எட்டாவது வரியை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தபோதும் விளக்கு அதே மங்கலோடு நின்றுகொண்டிருந்தது.