ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ், ரத்தத்தில் வேறு கிருமி

போன ஐப்பசியில் அப்பாவுக்கு ஜுரம். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர், நடவு நேரம், நாள் முழுக்க வெறுங்காலோடு சேற்றில் நின்றவர், பத்து வருடமாகச் சக்கரை வேறு. பக்கத்து கிளினிக்கில் வைடால் பார்த்து டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். ஒரு வாரம் போயும் சாயங்காலமானால் குளிர் தூக்கிப் போட்டது.

அப்புறம்தான் ஒரு லேபில் ரத்த கல்ச்சர் கொடுத்தோம், ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்து எது என்று பார்க்கிற டெஸ்ட். மூன்றாம் நாள் 'சூடோமோனாஸ்' என்று ரிப்போர்ட். அதைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனோம். அங்கே டாக்டர் கிருமியின் பெயரை விட்டுவிட்டு, கீழே இருந்த மருந்துப் பட்டியலில் விரலை வைத்தார். ஜென்டாமைசின் கேட்காது, கொலிஸ்டின் கேட்காது, ஆனால் ஆக்மென்டின் கேட்கும். "சூடோமோனாஸ்னா இது தலைகீழா இருக்கணுமே. அப்பா என்ன வேலை செய்றார்?" என்றார். விவசாயம் என்றதும் திரும்பவும் கல்ச்சர், இரண்டு கையிலிருந்தும் 10 மில்லி. "இருக்கிற ரத்தமெல்லாம் பாட்டிலுக்கே போச்சுனா எனக்கு என்னடா மிஞ்சும்?" என்று அப்பா முனகினார்.

வந்தது பர்க்கோல்டேரியா சூடோமல்லை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி, சக்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்குமாம். ராத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடினேன். 1912இல் ரங்கூனில் இதை முதலில் எழுதி வைத்தவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி. நம்ம பெயர் ஒன்று அங்கே இருந்ததில் ஏனோ ஒரு ஆறுதல்.

ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில், 14 நாள். ஜுரம் இறங்கவே ஒன்பது நாள் ஆனது, ஏழாம் நாள் நான் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன், மருந்தை மாற்றுங்கள் என்று. இந்தக் கிருமிக்கு ஜுரம் மெதுவாகத்தான் இறங்கும் என்று அவர் மாற்றவில்லை. அவர் செய்தது சரி.

வீட்டுக்கு வந்த பிறகு 3 மாதம் கோட்ரைமாக்சசோல். மாத்திரை விலை ஒன்றுமில்லை, ஆனால் அப்பாவுக்குக் குமட்டல், ஜுரம்தான் இல்லையே எதற்கு என்று தினமும் வாக்குவாதம். பாதியில் விட்டால் திரும்பி வரும் என்பதால் அம்மா பக்கத்தில் நின்று விழுங்க வைத்தாள். நடுநடுவே கிட்னி சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினினும், கூடவே பொட்டாசியமும் பார்க்க பஸ் பிடித்து வேலூர் போய் வந்தோம்.

கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டது, கால் மட்டும் வெளியே வந்தது. இப்போது நாற்று நட ஆள் விடுகிறார், வரப்பில் நின்று திட்டிக்கொண்டே.