என் பெயரில் ஓர் ஆரி வகுப்பு: முதல் சில மாதங்கள்

உறையூரில் பிளவுஸ் தைக்கும் வீடுகளுக்கும் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, செய்யும் வீடுகளுக்கும் பஞ்சமே கிடையாது. எங்கள் தெருவிலேயே என்னைவிட வேகமாகக் கை ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் 'திருச்சியின் முதல் தர ஆரி வகுப்பு' என்றெல்லாம் பலகை எழுத எனக்குக் கூச்சம். கடைக்குத் தனியாக ஒரு பெயர் வைப்பதா, என் பெயரிலேயே நடத்துவதா என்று யோசித்தபோது என் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெருமை காரணமில்லை, பணம்தான் காரணம். கடை என்றால் இடம் வேண்டும், முன்பணம் வேண்டும், கண்ணாடி அலமாரியும் விளக்கும் வேண்டும். என் பெயருக்குத் துணியை இழுத்துக் கட்ட ஒரு ஸ்டாண்டும் கைபேசியும் போதும்.

இப்போது இதைத் 'தனிநபர் பிராண்ட்' என்று சொல்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் 'அந்த அம்மாவிடம் கொடுத்தால் அளவு தப்பாது' என்று சொன்னார்கள். ஊர் நான்கு தெருவைத் தாண்டிப் பெரிதாகிவிட்டது என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில் எல்லாரும் போடுவதையே நானும் போட்டேன். முடித்த கல்யாண பிளவுஸை வெயிலில் வைத்து, முதுகில் இருக்கும் மயிலின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தி, பின்னணியில் நாதஸ்வரம். பார்த்தவர்கள் ஏராளம். கீழே வந்த கேள்விகளோ இரண்டே வகை: 'விலை என்ன?', 'டிசைன் அனுப்புவீர்களா?' விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். ஒருவர்கூட வகுப்புக்கு வரவில்லை. அதில் வியப்பும் இல்லை. அழகான பிளவுஸைப் பார்க்கிறவர் அதை வாங்க நினைப்பாரே தவிர, கற்றுக்கொள்ள நினைக்கமாட்டார்.

வகுப்புக்கு ஆள் கொண்டுவந்தது மிகச் சாதாரணமான ஒரு வீடியோ. ஆரி தெரிந்தவர்களுக்குப் புரியும்: மேலே ஊசி பிடிக்கும் கையைவிடத் துணிக்கு அடியில் நூல் பிடிக்கும் கைதான் புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும். ஊசியின் கொக்கி கீழே இறங்கியதும் அடிக்கை நூலை அதில் மாட்ட வேண்டும். பிறகு ஊசியைச் சற்றுத் திருப்பி, கொக்கிக்கு எதிர்ப்பக்கமாக லேசாக அழுத்தி மேலே எடுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியைக் கவ்விக்கொள்ளும். இதை எல்லாரும் மேலிருந்தே படம் எடுக்கிறார்கள். நான் கைபேசியை ஸ்டாண்டுக்கு அடியில், தரையில் மல்லாத்தி வைத்து எடுத்தேன். இசை இல்லை, மயில் இல்லை. சாம்பல் நிறத் துணியும் என் விரல்களும்தான்.

பார்த்தவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் வாட்ஸ்அப்பில் நீளமாகக் குரல் பதிவு அனுப்பினார்கள். 'அக்கா, எனக்கும் இதே இடத்தில்தான் மாட்டுகிறது' என்று கிழிந்த துணியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வேறிடத்தில் பணம் கட்டிப் படித்துப் பாதியில் விட்டவர்கள், தையல் மெஷின் வைத்திருப்பவர்கள், பிளவுஸ் ஆர்டரோடு ஆரியும் சேர்த்துக் கொடுத்தால் கூலி கூடுமே என்று கணக்குப் போட்டவர்கள். முதல் பேட்ச் பெரும்பாலும் அவர்களால் நிறைந்தது.

அதன் பிறகு என்ன போடுவது என்ற குழப்பம் தீர்ந்தது. ஜர்தோசி என்ற சுருள் கம்பியை வெட்டும்போது சுருள் ஏன் பிரிந்துவிடுகிறது, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் கரைத்து டிரேசிங் எடுத்தால், அதாவது டிசைனைத் துணியில் பதித்தால், ஏன் சில துணியில் பரவுகிறது, சுகர் பீட்ஸ் என்ற பொடிமணி வரிசை ஏன் வளைகிறது என்று ஒரு வீடியோவுக்கு ஒரு தொல்லை. என்னைப் பற்றி நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. 'அடிக்கை வீடியோ அக்கா' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நான் யோசித்து வைத்திருந்த எந்தப் பட்டத்தையும்விட இது பயனுள்ள பெயர்.

யூடியூப் பணத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், ஆகவே சுருக்கமாக. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் (குறுவீடியோ) பார்வைகள் இருந்தாலும் போதும். ஷார்ட்ஸ் ஓடையில் கிடைக்கும் பார்வை அந்த 4,000 மணி நேரத்தில் சேராது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். ஆரி போன்ற சின்ன வட்டத்தில் இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வீடியோ எனக்கு நோட்டீஸ் மாதிரி. நோட்டீஸிலிருந்து யாரும் சம்பாதிப்பதில்லை.

கட்டணத்துக்கு வருகிறேன். 'விவரங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பவும்' என்று எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. கட்டணத்தை மறைத்தால் ஆளைப் பார்த்து விலை சொல்வதாகத்தான் எண்ணுவார்கள். நான் தொகையை வெளிப்படையாகவே போட்டேன். விசாரிப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. விசாரித்தவர்களில் சேருகிறவர்கள் கூடினார்கள். இணையத்தில் நடக்கும் அறிமுக வகுப்புக்கும் ஒரு சிறு தொகை வாங்குகிறேன். இலவசமாக வைத்தபோது பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இணைப்பைத் திறக்கவே இல்லை. பணம் கட்டியவர்களோ பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உறவுக்காரர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்பவர்களுக்கு என் மாமியார் ஒரு பதில் வைத்திருக்கிறார்: 'நூல் கடைக்காரர் எங்களுக்குச் சலுகை கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம்.'

சந்தைப்படுத்துதல் பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்று, பஞ்சாங்கம். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் கல்யாண பிளவுஸ் குவியும். அப்போது வகுப்பு அறிவித்தால் படிக்க ஆசை உள்ள தையல்காரப் பெண்களுக்கு நேரம் இருக்காது, எனக்கும் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆர்டரும் இல்லை, எல்லார் கையும் சும்மா இருக்கும். மற்ற வியாபாரத்துக்கு மந்தமான மாதங்கள் எனக்குச் சேர்க்கை மாதங்கள். ஆடித் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே நான் தள்ளுபடி எதுவும் போடவில்லை, தேவையும் ஏற்படவில்லை.

காகித வேலைகளில் முதலில் முடித்தது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு கட்டணம் கேட்கும் தனியார் பக்கங்கள் தேடலில் மேலே வந்து நிற்கின்றன. இணைய முகவரியில் 'கவ் டாட் இன்' (gov.in) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போனால் போதும். அந்தச் சான்றிதழ் வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்கும்போது கைகொடுத்தது.

ஜிஎஸ்டிதான் உண்மையில் தலையைச் சுற்றவைத்தது. வகுப்பு என்பது சேவை. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாதவரை, பெங்களூருவில் இருக்கும் மாணவிக்கு இங்கிருந்து நேரலையில் சொல்லிக்கொடுத்தாலும் பதிவு கட்டாயமில்லை. ஊசி, நூல், மணி, துணி எல்லாம் வைத்த பெட்டியை விற்பது பொருள் வியாபாரம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டுமே விற்பவருக்கு 40 லட்சம் வரை கவலையில்லை; வகுப்பும் நடத்தும் எனக்கு இரண்டும் சேர்த்து 20 லட்சம்தான் வரம்பு. அதே பெட்டி ஒசூர் தாண்டிக் கர்நாடகாவுக்குப் போனால், தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு ஒரு விலக்கு உண்டு. நூலும் மணியும் அடங்கிய பயிற்சிப் பெட்டி கைவினைப் பொருள் ஆகாது. ஆகவே வெளிமாநில மாணவிகளுக்குப் பெட்டி இல்லை. வாங்க வேண்டியவற்றின் பட்டியலை ஊசி எண்ணோடு அனுப்பிவிடுகிறேன். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் சௌகார்பேட்டைக்குப் போனால் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும், நான் அனுப்புவதைவிட மலிவாகவும்.

பெயரைப் பாதுகாக்க வணிகச் சின்னத்துக்கும் விண்ணப்பித்தேன். அந்தப் பதிவில் தொழில்களைப் பிரித்திருக்கும் பட்டியலில் கற்பித்தல் 41-ஆம் பிரிவில் வருகிறது. தனிநபருக்கு இணைய வழியில் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நிலையில் பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்த பிறகுதான், அதற்கு முன் போட்டால் சட்டப்படி குற்றம். இதை எங்கள் தொழிலில் பலர் அழகுக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன வியாபாரத்துக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் இருக்கும் சரக்கே அந்தப் பெயர்தான் என்றால் அதற்குத்தானே பூட்டு வாங்க வேண்டும்?

பெயர் கொஞ்சம் பரவியதும் இலவசப் பெட்டிகள் வரத் தொடங்கின. ஒரு நூல் நிறுவனம் ஒரு பெட்டி சில்க் திரெட்டை அனுப்பி, 'நான் எப்போதும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்' என்று சொல்லச் சொன்னது. பணமில்லாமல் பொருளாக வாங்கினாலும் அந்தத் தொடர்பைப் பார்ப்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அபராதத்தைவிட என்னைத் தடுத்தது வேறு: நூலைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கியது. என் பேச்சைக் கேட்டு யாராவது பட்டு பிளவுஸில் அந்த நூலைப் போட்டால் முதலில் கெடுவது அவருடைய துணி, இரண்டாவது என் பெயர். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு வந்த வேறு ஒன்றைப் பயன்படுத்தியபோது 'இது இலவசமாக வந்தது' என்று திரையில் தமிழிலேயே எழுதிவிட்டேன். அதனால் யாரும் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை.

சொந்தப் பெயரில் நடத்துவதில் ஒரு பெரிய சிக்கலும் இருக்கிறது. காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது என் நாத்தனார் வகுப்பு எடுத்தார். லோடிங் என்ற தையலில் அவர் கை என் கையைவிட நேர்த்தி. மாணவிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்; முடிவில் எல்லாருமே 'அக்கா எப்போது வருவார்?' என்றார்கள். கடைப் பெயரில் நடத்தியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அன்றிலிருந்து வீடியோக்களில் நாத்தனாரின் கையும் குரலும் வருகின்றன. மாணவிகள் அனுப்பும் துணிப் படங்களில் பாதியை அவரே பார்த்துத் திருத்தம் சொல்கிறார். இப்போது அவரைத் தேடியே சிலர் செய்தி அனுப்புகிறார்கள்.

இதே சிக்கல் ஆர்டரிலும் வந்தது. வகுப்பால் பெயர் தெரிந்ததும் பிளவுஸ் ஆர்டர்கள் என் கைக்கு மீறி வந்தன. தெருவில் இருப்பவர்களிடம் கொடுத்துச் செய்து வாங்கி என் பெயரில் விற்பதுதான் வழக்கம், யாரும் தவறாக எண்ணுவதில்லை. எனக்கு அது ஒப்பவில்லை. ஆர்டர் எடுக்கும்போதே இதை இன்னார் போடுவார், மேற்பார்வை என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் 'அப்படியென்றால் வேண்டாம்' என்று போய்விட்டார்கள். வேலையைச் செய்யும் பெண்களுக்கு இது பிடித்திருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் வாடிக்கையாளர்கள் நேரடியாகவே போகத் தொடங்கிவிட்டார்கள். வருமானக் கணக்கில் எனக்கு நட்டம்தான். மறுக்கவில்லை.

அடுத்த கேள்வி, முன்கூட்டியே வீடியோவாகப் பதிவு செய்து விற்கும் வகுப்பு. ஒருமுறை எடுத்து வைத்து ஆயிரம் பேருக்கு விற்கலாமே, ஏன் ஒவ்வொரு பேட்சுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறாய் என்கிறார் என் கணவர். சங்கிலித் தையல், ஜிக்ஜாக், பிரெஞ்சு நாட் ஆகியவற்றைப் பதிவிலேயே கற்கலாம், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் மாணவியின் ஊசி எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் துணி கிழிவது நிற்கும். ஆகவே தையல் வகைகளைப் பதிவாகவும், ஞாயிறு மாலைகளில் திருத்தத்தை நேரலையாகவும் பிரித்து மார்கழி பேட்சில் முயன்று பார்க்கப்போகிறோம். திருத்தத்துக்கு நாத்தனாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் கேட்பது நியாயமான தொகை, நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.