பத்துக்கு ஆறு

அப்பாவுக்குப் புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பி) புற்றுநோய். இழையத் துண்டெடுத்துச் சோதித்த பயொப்சி அறிக்கை வந்த அன்று மாலை, உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, "கிளீசன் 3+3=6" என்ற வரியின் கீழ் அப்பா பென்சிலால் கோடு போட்டார். "பத்துக்கு ஆறு எண்டால் பாதியைத் தாண்டிட்டுது, பிள்ளை" என்றார். வாழ்நாள் முழுதும் கணிதம் படிப்பித்தவருக்கு அப்படித்தானே தோன்றும்! எனக்கும் மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

புற்றுநோய்க் கலங்களின் தோற்றத்துக்கு இரு தரங்கள் இட்டுக் கூட்டி அதன் தீவிரத்தைச் சொல்ல, 1960களில் டொனால்ட் கிளீசன் என்ற நோயியல் வல்லுநர் வகுத்த அளவுகோல் 2இல் தொடங்கினாலும், இன்று பயொப்சியில் 6க்குக் கீழ்ப்பட்ட எண்ணைப் புற்றுநோய்க்கு வழங்குவது நடைமுறையில் இல்லை. ஆகவே 6 என்பதுதான் ஏணியின் அடிப்படி. இதனால் நோயாளர்கள் வீணாக அஞ்சுவதைக் கண்டே, 2014இல் நோயியல் வல்லுநர்கள் 1 முதல் 5 வரையான தரக் குழுக்களை ஏற்றுக்கொண்டார்கள். அப்பாவுடையது முதலாம் குழு. அத்துடன் இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 10க்குக் குறைவாகவும், மலவாசல் வழியாகச் செய்யும் விரற்பரிசோதனையில் கட்டி தட்டுப்படாமலோ புரோஸ்டேட்டின் ஒரு பக்கத்தில் பாதிக்குள் அடங்கியோ இருந்தால்தான் ஆபத்துக் குறைந்த வகை என்பார்கள்.

உடனே கொழும்புக்குக் கூட்டிச் சென்று வெட்டி எடுக்கச் சொல்லி மாமா நெருக்கினார். அவருடைய பதற்றம் அன்பினால் வந்தது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் சலத்தை அடக்க முடியாமற் போவதும் ஆண்மைக் குறைவும் பலருக்கு நேர்கின்றன என்பதை, வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டாலும், முடிவெடுக்குமுன் சொல்லியே ஆக வேண்டும். பிரித்தானியாவில் 1,643 பேரை, உடனே சிகிச்சை செய்யாமல் பரிசோதனைகளால் தொடரும் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்த புரோடெக்ட் ஆய்வில், 15 ஆண்டுகளின் பின்னும் இந்நோயால் இறந்தவர்கள் எந்தக் குழுவிலும் 3 வீதமளவே என்று 2023இல் வெளியிட்டார்கள். கண்காணிப்பில் இருந்தோரிடையே நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்கக்கூடாது. அதனால்தான் கண்காணிப்பை வெறுமனே காத்திருப்பதாக எண்ணி கிளினிக் திகதியைத் தவறவிடுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கும் கண்காணிப்புத்தான்: வைத்தியர் சொன்னபடி ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மறு பயொப்சியும் அவர் குறிக்கும் காலத்தில். தரம் ஏறினால் சிகிச்சை தொடங்கும். அடுத்த பரிசோதனை ஆவணியில். அப்பா அதைச் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.