வாயால் வாழும் நுணல்

கடந்த ஆண்டு ஆடி பிறந்த வாரத்தில் ஓர் இரவு, எங்கள் வீட்டின் பின்புறத்திலிருந்து ஆட்டுக்குட்டிகள் கத்தும் ஒலி கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, தாயிடமிருந்து பிரித்துக் கொட்டிலில் அடைத்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து கத்துவது போன்ற ஒலி. அன்று மாலைதான் வானம் கறுத்து, இடி இடித்து, முக்கால் மணி நேரம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை ஒரு துளி மழையைக்கூடக் கண்டதில்லை. நான் அப்போது அம்மாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே இரவு 10 மணி என்றால் மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் மறுநாள் காலை 10.30. "என்னடி, அங்கே போய் ஆடு வளர்க்கிறீர்களா?" என்று அம்மா கேட்டார்.

கைவிளக்கை எடுத்துக்கொண்டு மகளும் நானும் வெளியே போனோம். பின்சுவருக்கு அப்பால், ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஓடை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்துப் பள்ளத்தில் தேங்கியிருந்த கலங்கல் நீரில் ஆடும் இல்லை, குட்டியும் இல்லை. உள்ளங்கையில் அடங்கக்கூடிய தேரைகள், இருபது முப்பது இருக்கும், நீரில் மிதந்தபடி தொண்டையைப் பலூன்போல் உப்பவைத்துக் கத்திக்கொண்டிருந்தன. பச்சையும் மஞ்சளும் கலந்த உடல். விளக்கொளி பட்டபோது அவற்றின் கருவிழிகள் பூனையின் கண்போல நெட்டுக்குத்தாக நின்றன. தொலைபேசியை நீரை நோக்கி நீட்டிப் பிடித்தேன். மறுமுனையில் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம் வயல் மாதிரியே இருக்கிறதே" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை நிலைகுலைய வைத்துவிட்டது. ஐப்பசி அடைமழையில், நடவு முடிந்த வயல்கள் எல்லாம் கண்ணாடியாகக் கிடக்க, ஊரே தவளைக் குரலில் மிதக்கும் இரவுகளில் வளர்ந்தவள் நான். மே மாதத்தில், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு நாளில் இங்கே வந்து இறங்கி, சகுவாரோ கள்ளிகள் மட்டும் கை உயர்த்தி நிற்கும் மலைச்சரிவைப் பார்த்து, இந்த மண்ணில் உயிர் என்று என்ன இருக்கும் என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை எனக்குச் சொன்னவை அந்தத் தேரைகள்தாம்.

ஆகஸ்டு மாதத்தில், மகள் படிக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பில் 'பாலைவன விலங்குகள்' பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதிவரச் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தை முதல் வாக்கியமாக எழுதியது, "ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும்" என்பது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குச் சிறுவயதில் யாரோ சொல்லிக்கொடுத்தது. உண்மையில் திமிலில் இருப்பது கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களுக்கான சேமிப்பு அது. இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். ஒட்டக இனத்தின் ஆதி முன்னோர்கள் தோன்றியது அரபு நாட்டில் அல்ல, இதே வட அமெரிக்கக் கண்டத்தில்தான். இங்கிருந்து ஆசியாவுக்குக் கடந்துபோன கிளைகளே இன்று அங்கே இருக்கின்றன. சொந்த ஊரில் வாழ்ந்தவை பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. "அப்படியென்றால் ஒட்டகமும் நம்மைப் போல ஊர் மாறியதா அம்மா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

மற்ற வாக்கியங்களுக்கு, பக்கத்து வீட்டில் இருக்கும், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற முதிய பெண்மணி உதவினார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, மகள் எழுதினாள். கங்காரு எலியைப் பற்றி அவர் சொன்னபோது நானே நம்பவில்லை. அது வாழ்நாள் முழுவதும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமலே வாழ முடியும். தின்கிற விதைகள் உடலுக்குள் செரித்துச் சக்தியாக மாறும்போது உண்டாகும் நீரே அதற்குப் போதும். பகல் முழுவதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். மூச்சு விடும்போது வெளியேற வேண்டிய ஈரம், அதன் குளிர்ந்த மூக்குக்குள்ளேயே மறுபடியும் நீராகிவிடும். சோற்றுப்பானையின் மூடியை எடுத்தால் அடியில் ஆவி முத்துமுத்தாக நிற்குமே, அதுபோல என்று சொன்னவுடன் மகளுக்குப் புரிந்துவிட்டது. நெடுங்காது முயல் நிழலில் உட்கார்ந்து, காதில் பரவியிருக்கும் இரத்த நாளங்கள் வழியாக உடலின் சூட்டை வெளியே விடுகிறது. பாலைவன ஆமை வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கிறது. மழைக்காலத்தில் குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் காத்து வைத்து, தேவைப்படும்போது உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வழியில் கண்டால் ஆசையாகத் தூக்கிவிடக் கூடாது என்று அந்த அம்மையார் குழந்தையிடம் கண்டிப்பாகச் சொன்னார். பயந்துபோய் அந்த நீரை வெளியே விட்டுவிட்டால், அடுத்த மழைவரை அது உயிரோடு இருப்பதே கடினமாம்.

ஆனால் பத்து வாக்கியங்களில் ஆறு வாக்கியங்களைத் தேரையே எடுத்துக்கொண்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கௌச் என்பவரின் பெயர் தாங்கிய மண்வெட்டிக்கால் தேரை என்பது அதன் ஆங்கிலப் பெயரின் நேர்ப்பொருள். பின்னங்காலின் அடியில், நகம்போன்ற கெட்டிப்பொருளால் ஆன அரிவாள் வடிவக் கறுப்பு விளிம்பு ஒன்று இருக்கிறது. அதை வைத்து மண்ணைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, முன்னே போகாமல் பின்னோக்கிப் புதையும். நம் கண்ணைப் பார்த்தபடியே தரைக்குள் மறைந்துபோகும். அப்படிப் புதைந்தால் எட்டு முதல் பத்து மாதங்கள், மழை பொய்த்தால் அதற்கும் மேலே, அசையாமல் உள்ளேயே கிடக்கும். சுற்றியுள்ள மண் காயக்காய, உடலின் நீரை அந்த மண் உறிஞ்சிவிடாதபடி, கழிவாகப் போக வேண்டிய யூரியாவை உடலுக்குள்ளேயே தேக்கித் தன் உடல்நீரின் செறிவைக் கூட்டிக்கொள்கிறது. அதை எழுப்புவது ஈரம்கூட அல்ல, இடியும் மழைத்துளிகளும் தரையில் எழுப்பும் அதிர்வு. மோட்டார் வாகனங்களின் அதிர்வை மழை என்று நம்பி, வறண்ட நாளில் அது வெளியே வந்துவிடுவதும் உண்டு என்று கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

வெளியே வந்த இரவிலேயே கூப்பிட்டு, கூடி, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். கத்துபவை ஆண்கள், குரலைத் தேடிப் பெண்கள் வருகின்றன. நம்மிடம் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று ஒரு பழமொழி உண்டு. நுணல் என்றால் மணலுக்குள் மறைந்து கிடக்கும் தேரைதான். சும்மா இருந்திருந்தால் பாம்புக்குத் தெரிந்திருக்காது, கத்தி மாட்டிக்கொண்டது என்று, அதிகம் பேசும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியே வளர்த்தார்கள். எனக்கும் சொன்னார்கள். இந்தப் பாலையில் பத்து மாதம் வாய் திறக்காமல் கிடந்த உயிர், ஓர் இரவு வாய் திறக்காவிட்டால் அதற்கு வம்சமே இல்லை. பழமொழியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மகளுக்கு அதை அப்படியே சொல்லிக்கொடுக்க எனக்கு இனி மனம் வராது.

முட்டை ஒரு நாளிலேயே பொரிந்துவிடுகிறது. பள்ளம் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தாக வேண்டும். ஒவ்வொரு நாள் மாலையும் மகள் ஒரு குச்சியை நட்டு, நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்தாள். ஆறாம் நாள், பள்ளத்தின் ஒரு முனை வெடித்த களிமண்ணாகியிருந்தது. அங்கே ஒதுங்கிப்போனவை கறுத்துக் காய்ந்து கிடந்தன. ஒன்பதாம் நாள், நடுவில் எஞ்சியிருந்த குழம்புபோன்ற சேற்றிலிருந்து, சுண்டுவிரல் நகமளவு தேரைக்குஞ்சுகள், பாதி வால் இன்னும் உதிராமல், கரையேறின. ஒன்றை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். பெரிய தேரையைத் தொட்ட நாளில், அதன் தோலில் ஊறும் பாலால் அரைமணி நேரம் தும்மிக்கொண்டிருந்தவள், இந்தக் குஞ்சுக்குத் தும்மலே வரவில்லை என்று சற்று ஏமாற்றத்துடன் சொன்னாள்.

இவை என்ன தின்னும் என்ற கேள்விக்கு விடை, மழைக்கு மறுநாள் எங்கள் வாசல் விளக்கிலேயே கிடைத்தது. ஈசல். இங்கும் முதல் மழைக்குப் பின் மண்ணுக்கடியில் இருக்கும் கறையான் கூடுகளிலிருந்து ஈசல் கிளம்புகிறது. தேரை ஒரே இரவில் வயிறு முட்டத் தின்றால், ஓராண்டுக்கான கொழுப்பு சேர்ந்துவிடுமாம். 'கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன்' என்று அம்மா வாய்க்கு வாய் சொல்வது எனக்கு நினைவு வந்தது. எங்கள் அப்பாயி ஈசல் கிளம்பும் இரவில் விளக்கடியில் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் வைப்பார். காலையில் அதை அள்ளிக் காயவைத்து, இறகை முறத்தில் புடைத்துப் போக்கி, பொரியரிசியோடு வறுத்துத் தருவார். அந்த வாசனை டூசானில் என் வீட்டு வாசலில், இறகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்து என்னை நிறுத்திவிட்டது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மழைக்கு முன் காற்றில் வருவது மண்வாசனை மட்டும் அன்று, கிரியோசோட் புதரின் பிசின் மணம் என்று எனக்குத் தெரியும். பழகிவிட்டது என்று சொன்ன அன்றைக்கே, அந்த மணத்துக்குக் கதவைத் திறந்து நின்று, அதற்குள் எங்கள் ஊர்ப் புழுதியின் மணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இப்போது ஜூன் கடைசி. சகுவாரோப் பழங்கள் சிவந்து வெடித்திருக்கின்றன. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓ'ஓதம் மக்கள் அவற்றை நீண்ட கழிகளால் பறித்து, புளிக்கவைத்த பானம் செய்து, அதை அருந்தி மழையை அழைப்பது வழக்கம். அவர்களுக்குப் புத்தாண்டும் இந்தப் பருவத்தில்தான் பிறக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் வீடு வீடாக உப்பில்லாச் சோறு வாங்கி மழைச்சோறு எடுப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் சொன்னேன்; அவர் என்னை உட்காரவைத்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

மகளின் குச்சி, ஓடைப் பள்ளத்தில் வெறும் மணலில் நட்டபடியே நிற்கிறது. தெற்கே, மெக்ஸிகோ எல்லைப்பக்கம், பிற்பகலில் வெண்மேகங்கள் எழும்பி எழும்பிக் கலைந்துபோகின்றன. நேற்றும் அம்மா பேசினார். மருந்து மாத்திரை, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும்போது கேட்டார்: "ஆடு கத்திற்றா?"

இன்னும் இல்லை என்றேன்.